விண்மீன்கள் குவிகின்றன, பின்னம் மட்டும் புரியவில்லை

தேன்கூடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கணக்கில் ஆர்வம் வரட்டும் என்று ஒரு கற்றல் விளையாட்டுச் செயலியைக் கைப்பேசியில் நிறுவிக் கொடுத்தேன். ஒவ்வொரு சரியான விடைக்கும் ஒரு விண்மீன். பத்து விண்மீன்கள் சேர்ந்தால் திரையில் உள்ள யானைக்குட்டிக்கு ஒரு தொப்பி. இரண்டு மாதங்களாக, யாரும் சொல்லாமலே அவள் நாள்தோறும் அதைத் திறந்து உட்காருவதைக் கண்டு மகிழ்ந்துபோயிருந்தேன்.

சென்ற வாரம் தற்செயலாக, 1/3 பெரியதா 1/4 பெரியதா என்று தாளில் எழுதிக் கேட்டேன். மூன்றைவிட நான்கு பெரியது, ஆகவே 1/4 தான் பெரியது என்று தயங்காமல் சொன்னாள். இதே போன்ற கேள்விகளுக்குச் செயலியில் எப்படி விண்மீன் பெறுகிறாள் என்று பக்கத்தில் அமர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நான்கு விடைகளில் முதலாவதைத் தொடுகிறாள். சிவப்பு வந்தால் அடுத்தது, அதுவும் சிவப்பென்றால் அதற்கடுத்தது. பச்சை வந்ததும் கேள்வியைப் படிக்காமலே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறாள். அந்தச் செயலியை நீக்கிவிடலாமா? விளையாட்டின் மகிழ்ச்சியும் கெடாமல், பாடமும் உண்மையாகவே மனத்தில் பதியும்படியான இணைய வளங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கரும்பலகை:

பல ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளியில் கணக்குக் கற்பிக்கிறேன். உங்கள் மகள் செய்ததில் தவறேதும் இல்லை. அந்தச் செயலி எதற்குப் பரிசு கொடுத்ததோ, அதை அவள் மிகத் திறமையாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

1973ஆம் ஆண்டில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் தாமாகவே விருப்பம் கொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாட்களுக்குப் பின்னர், பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை. விண்மீனையும் தொப்பியையும் நான் சற்று ஐயத்துடனே பார்ப்பதற்கு இதுவே காரணம்.

எனவே ஒரு வளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: குழந்தையின் விரல் அசைவில் மாறுவது மதிப்பெண்ணா, கற்க வேண்டிய பொருளா? நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' (PhET) உருவகப்படுத்தல்கள், அதாவது திரையில் அசைத்து மாற்றிப் பார்க்கும் மாதிரிகள், இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதிலுள்ள பின்ன அறிமுகத்தைத் திறந்தால், ஒரு பின்னமும் அதன் அருகில் ஒரு வட்டமும் இருக்கும். பகுதியை, அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணை, மூன்றிலிருந்து நான்காக உயர்த்தியவுடன், வட்டம் நான்கு துண்டுகளாகிறது. ஒவ்வொரு துண்டும் கண்ணெதிரே மெலிந்துபோகிறது. உங்கள் மகளின் குழப்பம் உடைய வேண்டிய இடம் அதுவே. அதனை அப்படியே கொடுத்துவிட்டு எழுந்து போகாமல், எண்ணை மாற்றுவதற்கு முன்னால், துண்டு பெரிதாகுமா சிறிதாகுமா என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னது பொய்க்கும்போது குழந்தையின் முகத்தில் வரும் வியப்புக்கு ஈடாக எந்த விண்மீனும் இல்லை. கட்டணம் கிடையாது, பெரும்பாலானவற்றைப் பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

நிரல்விரும்பி:

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன்; எனினும் எட்டு வயதைத் தாண்டிய குழந்தை, பிறர் செய்து வைத்ததை அசைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், தானே ஒன்றைச் செய்யவும் வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேப் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்' என்ற, குழந்தைகளுக்கான நிரல் மொழி அதற்கென்றே உருவானது. கட்டளைத் துண்டுகளை அடுக்கினால், திரையில் ஒரு பூனை அதன்படி நகரும். 1967ஆம் ஆண்டில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய 'லோகோ' நிரல் மொழியில் கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ஆமையின் வழிவந்தது அந்தப் பூனை என்று சொல்லலாம்.

என் தங்கை மகன் அதில் முக்கோணம் வரைய முயன்ற மாலை நினைவிருக்கிறது. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்திருந்ததால், பூனையை மூன்று முறை 60 பாகை திரும்பச் சொன்னான். கோடு மூடவில்லை, பாதி அறுகோணம் போல வாயைத் திறந்துகொண்டு நின்றது. நான் வாய் திறக்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன். அவன் எழுந்து தரையில் நடந்து, மூலையில் தன் உடலைத் திருப்பிப் பார்த்த பிறகுதான், திரும்ப வேண்டிய கோணம் வெளிக்கோணமாகிய 120 என்று கண்டுகொண்டான். சிவப்பு நிறமும் 'தவறு' என்ற ஒலியும் இல்லாமலே, தவறு எங்கே என்று படமே அவனுக்குக் காட்டிவிட்டது.

இரு பிள்ளைகளின் அம்மா:

ஒரு சிறு மாற்றுக் கருத்து. வாய்ப்பாடு போன்றவற்றுக்குப் புரிதலோடு பழக்கமும் தேவைப்படுவதால், விண்மீன் செயலிகளை முற்றாக ஒதுக்க நான் விரும்பவில்லை. விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லும் செயலியாகவும், தவறான கேள்வியைச் சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்பதாகவும் இருந்தால், தட்டித் தட்டித் தப்பிக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். விளம்பரம் குறுக்கிடுகிறதா என்பதையும் நீங்களே பத்து நிமிடம் விளையாடிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வீட்டில் இளைய குழந்தை இருந்தால், இரண்டு முதல் நான்கு வயது வரை திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியிருப்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். அக்கா விளையாடினால் தம்பி எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டான்.

தேன்கூடு:

அனைவருக்கும் நன்றி. மூன்று மாலைகள் அவளோடு அமர்ந்து வட்டத்தை வெட்டிப் பார்த்தோம். முதல் நாள், பகுதி கூடினால் துண்டும் பெரிதாகும் என்று உறுதியாகச் சொன்னவள், எண்ணை மாற்றிவிட்டு, இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது என்றாள். இரண்டாம் நாள் தாளை மடித்து, அந்த இயந்திரம் சொல்வது சரிதானா என்று தானே சோதித்தாள். நேற்று, 2/4 என்று வைத்தாலும் 1/2 என்று வைத்தாலும் வட்டத்தில் அதே அளவுதானே நிறைகிறது, பிறகு எதற்கு இரண்டு பெயர் என்று கேட்டாள். விடையை நான் இன்னும் சொல்லவில்லை. யானைக்குட்டிக்குத் தொப்பி வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் தொடர்கிறது. அந்தச் செயலியை இப்போது வாய்ப்பாட்டுக்கு மட்டும் திறந்து கொடுக்கிறேன்.