இணைகோடே வரையாமல் 180° வந்துவிட்டது, பிழை எங்கே?

கேள்வி

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180° என்று நிரூபிக்கச் சொன்னேன். ஒரு மாணவி எழுதி வந்தது இது:

கூடுதல் 'கூ' என்க. கசட என்ற முக்கோணத்தில், க என்ற உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்தில் உள்ள ம என்ற புள்ளிக்கு ஒரு கோடு. இப்போது இரண்டு சிறு முக்கோணங்கள். இரண்டின் கோணங்களையும் சேர்த்தால் 2கூ. அதில் பெரிய முக்கோணத்தின் கோணங்கள் முழுதும் அடங்கும். மிச்சம் ம-வில் இருக்கும் இரண்டு கோணங்கள், நேர்கோட்டின் மேல் இருப்பதால் 180°. ஆகவே 2கூ = கூ + 180°. கூ = 180°.

நாலு தடவை பார்த்துவிட்டேன், குறை தெரியவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மார்க் போடலாமா?

பதில் 1

கூட்டலில் தப்பில்லை சார். முதல் வரியைப் பாருங்கள். பெரியதற்கும் சிறியவை இரண்டுக்கும் ஒரே 'கூ' போட்டிருக்கிறாள். எல்லா முக்கோணத்துக்கும் கூடுதல் ஒன்றுதான் என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையே!

கேட்டவர்

சரி, ஆனால் முக்கோணத்துக்கு முக்கோணம் அது மாறுமா என்ன?

பதில் 2

உருண்டையின் மேல் மாறும். உலக உருண்டையில் வட துருவத்திலிருந்து 0° தீர்க்கரேகை வழியாக நிலநடுக்கோட்டுக்கு இறங்குங்கள். அதன் மேலேயே 90° கிழக்கே போய், மறுபடி துருவத்துக்கு ஏறுங்கள். மூன்று கோணமும் 90°, கூடுதல் 270°. இப்போது 45° தீர்க்கரேகையால் இதை இரண்டாக்குங்கள். ஒவ்வொரு பாதியிலும் 90 + 90 + 45 = 225°. இரண்டும் சேர்ந்து 450°. 270 + 180-உம் அதே 450! மாணவியின் கூட்டல் இங்கேயும் அழகாகப் பொருந்துகிறது. 'கூ' மட்டும் ஒன்றாக இல்லை.

சமதளத்தில் அது மாறாமல் இருப்பதற்குக் காரணமே இணைகோடுதான். க வழியாக, சட-வுக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். ச கோணமும் ட கோணமும் ஒன்றுவிட்ட கோணங்களாக க-வின் இரு பக்கமும் வந்து உட்காரும். நடுவில் க கோணம். மூன்றும் ஒரே நேர்கோட்டின் மேல், 180°.

பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடும் தம் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் 28 தேற்றங்கள் வரை இணைகோட்டு எடுகோளை (இணைகோடுகளைப் பற்றி நிரூபிக்காமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படை விதியை) தொடவில்லை. 29-இல்தான் எடுக்கிறார். இந்த 180° வருவது 32-இல்.

கேட்டவர்

இப்போது விளங்குகிறது. முழு மார்க் கிடையாது, ஆனால் அந்த 2கூ = கூ + 180° வரிக்குப் பக்கத்தில் 'அருமை' என்று எழுதப் போகிறேன். அப்புறம் நாளைக்கு ஒரு ரப்பர் பந்தும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்து வைத்து, அவளையே வரைந்து அளக்கச் சொல்கிறேன்.