மறுமொழி: இன்சுலின் எதிர்ப்பா, உணர்மந்தமா?

கல்முனையிலிருந்து, துண்டுப்பிரசுர ஒருங்கிணைப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். நீரிழிவு கிளினிக்குக்கு வருவோருக்கான துண்டுப்பிரசுரத்தில் மூன்று சொற்கள் இன்னும் முடிவாகவில்லை. ஒன்று ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’, அதாவது இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்குப் போதிய பதில் கொடுக்காத நிலை. மற்றொன்று, தோலுக்கடியில் இருக்க வேண்டிய கொழுப்பு ஈரலிலும் தசையிலும் போய்த் தங்குவதற்கு ஒரு பெயர். மூன்றாவது ‘மெட்டபோலிக் சின்ட்ரோம்’, அதாவது பெருத்த இடுப்பு, உயர் இரத்த அழுத்தம், கூடிய இரத்த வெல்லம் போன்றவை ஒருவரிடம் சேர்ந்து வருவது. முதலாவதற்கு ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்று வரைவில் போட்டிருக்கிறேன். பத்திரிகைகளில் அதுதான் வழக்கில் இருக்கிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். அச்சுக்குப் போன பிறகு சண்டை பிடிக்க வேண்டாம்.

மட்டக்களப்பிலிருந்து, தாதிய உத்தியோகத்தர்:

காக்கா, சண்டையை இப்போதே தொடங்கிவிடுகிறேன்.

‘எதிர்ப்பு’ கூடாது. எங்கள் மக்களுக்கு ‘எதிர்ப்புச் சக்தி’ என்பது நல்ல சாமான். அது கூடட்டும் என்றுதான் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறோம். ‘உங்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு கூடியிருக்கிறது’ என்று சொன்னதும் முகம் மலர்ந்த ஓர் அம்மாவைக் கண்டிருக்கிறேன். வேறு சிலர் நேர்மாறான பக்கம் போகிறார்கள். உடம்பே இன்சுலினை எதிர்க்கிறதென்றால் பிறகு எதற்கு ஊசி என்று கேட்கிறார்கள். ஊசிக்குப் பயந்திருப்பவரின் கையில் நாமே காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

உண்மையில் உடம்பு எதையும் எதிர்க்கவில்லை. 1936இல் இங்கிலாந்தின் மருத்துவர் ஹரோல்ட் ஹிம்ஸ்வேர்த் நீரிழிவு நோயாளிகளுக்குக் குளுக்கோசைக் குடிக்கக் கொடுத்து, அதே வேளையில் நாளத்தில் இன்சுலினையும் ஏற்றிப் பார்த்தார். சிலருக்கு இரத்த வெல்லம் அடங்கி நின்றது. வேறு சிலருக்கோ இன்சுலின் உள்ளே போனதற்கான அடையாளமே இல்லாமல் ஏறியது. அவர் இந்த இரு சாராரையும் இன்சுலினை உணர்வோர், உணராதோர் என்றுதான் பிரித்தார்; அவருடைய கட்டுரையின் தலைப்பிலும் எதிர்ப்பு இல்லை, உணர்வும் உணராமையும்தான் இருக்கின்றன. (அதே 1936இல்தான் எங்கள் காரைதீவு விபுலாநந்த அடிகள் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சொல்லுக்காக மல்லுக்கட்டுவது இந்தக் கரையோரத்துக்குப் புதிதல்ல.)

1960இல் அமெரிக்க ஆய்வாளர்களான ரோசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் இரத்தத்திலுள்ள இன்சுலினைக் கதிரியக்க முறையால் அளந்து காட்டினார்கள். நடுவயதில் நீரிழிவு வந்த பலருடைய இரத்தத்தில் இன்சுலின் குறைந்திருக்கவில்லை, கூடிக்கூட இருந்தது. சதையி (கணையம்) இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது, தசையும் ஈரலும் கொழுப்பிழையமும் அதற்குப் போதிய பதில் கொடுக்கவில்லை என்பது அதன் பிறகு தெளிவாயிற்று.

எனவே நான் முன்வைக்கும் சொல் ‘இன்சுலின் உணர்மந்தம்’. காது மந்தமான அப்பாவைக் கூப்பிடுவது எப்படி என்று எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அவர் உங்களை எதிர்க்கவில்லை. குரலை உயர்த்தினால் திரும்பிப் பார்ப்பார். கூப்பிடுபவர் எவ்வளவு காலத்துக்குக் கத்த முடியும் என்பதுதான் கேள்வி. சதையியில் இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலங்கள் குரலை உயர்த்தும்வரை வெல்லம் கட்டுக்குள் இருக்கும். அவை களைத்துப்போகும்போதுதான் பரிசோதனைத் தாளில் நீரிழிவு வருகிறது. ஊசியும் இந்தச் சொல்லோடு ஒத்துப்போகிறது: கேட்கவில்லை, ஆகவே இன்னும் கொஞ்சம் உரக்க.

இன்னொரு வசதியும் உண்டு. எல்லா உறுப்பும் ஒரே அளவில் மந்தமாவதில்லை. பிடரி கறுத்துத் தடித்துப்போன பிள்ளைகளைத் தாய்மார் அழுக்கென்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கல்ல. தசைக்காகச் சதையி போடும் உரத்த குரல் தோலின் கலங்களை எட்டி, அவற்றைப் பெருகச் செய்கிறது. ஈரலிலும் இதே கதைதான்: குளுக்கோசை வெளியே விடாதே என்ற கட்டளை அதற்குச் சரியாகக் கேட்பதில்லை, கொழுப்பை உண்டாக்கு என்ற கட்டளை மட்டும் நன்றாகவே கேட்கிறது. ‘எதிர்ப்பு’ என்று பெயர் வைத்தால் இதை விளக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

நோய்க்கிருமி மருந்தை எதிர்ப்பதற்கு ‘எதிர்ப்பு’ அப்படியே இருக்கட்டும். கிருமி உண்மையிலேயே எதிர்க்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லால் கட்டிப்போட வேண்டியதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து, உயிரியல் ஆசிரியர்:

தங்கச்சி சொல்வது விளங்குகிறது. ஆனால் ‘மந்தம்’ எனக்கு உறுத்துகிறது. வகுப்பில் ‘மந்தபுத்தி’ என்று திட்டு வாங்கிய தலைமுறை நாங்கள். அதைவிட ‘இன்சுலின் உணர்திறன் குறைவு’ என்று நேராக எழுதிவிடலாமே. க.பொ.த. உயர்தர மாணவனுக்கும் அகராதி தேட வேண்டி வராது. அத்தோடு, இணையத்தில் தேடுகிறவர்கள் ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்றுதான் தேடுவார்கள். புதுச் சொல் போட்டால் எங்கள் பிரசுரம் அவர்கள் கண்ணில் படாது.

மட்டக்களப்பிலிருந்து:

சேர், ‘உணர்திறன் குறைவு’ வகுப்பறையில் நன்றாக நிற்கும். கிளினிக்கில் நிற்காது. சத்தமும் சனமுமாக இருக்கிற இடத்தில் கேட்பவர் முதற்சொல்லையும் கடைசிச் சொல்லையும்தான் பிடித்துக்கொள்வார்: ‘இன்சுலின்... குறைவு.’ அது இன்சுலின் சுரப்பே அற்றுப்போகும் முதலாம் வகை நீரிழிவின் கதை. நாங்கள் பிரித்துச் சொல்லப் பாடுபடுகிற இரண்டையும் அந்தத் தொடர் ஒன்றாக்கிவிடும். மந்தபுத்தி பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதனால்தான் வெறும் ‘மந்தம்’ என்று விடாமல் ‘உணர்’ சேர்த்தேன். ‘உணர்திறன்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இதற்கு அது எதிர்ச்சொல்லாகவும் பொருந்துகிறது. பசியை அடக்கும் ஹோர்மோனான லெப்டினுக்கும் இதே வாய்ப்பாடு சரிவரும்: லெப்டின் உணர்மந்தம். தேடுவோருக்காக முதலாவது இடத்தில் மட்டும் ‘இன்சுலின் எதிர்ப்பு எனவும் எழுதப்படுவது’ என்று ஒரு வரி போடலாம்.

இரண்டாவது சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் ஆட்கள் கொழுப்பைப் பாவம் என்று நினைக்கிறார்கள்; பிரசுரமும் அப்படியே பேசினால் தவறாகிவிடும். உடம்பில் கொழுப்பிழையமே இல்லாமல் பிறக்கும் அபூர்வமான நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் மெலிந்தவர்கள், ஆனால் கடுமையான உணர்மந்தமும் ஈரற்கொழுப்பும் அவர்களுக்கு வருகின்றன. பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்கு நிறை கூடலாம், தோலுக்கடியில் கொழுப்பு சேரலாம். அதே வேளையில் ஈரற்கொழுப்பு குறைந்து இன்சுலினுக்கான பதிலும் மேம்படுகிறது. ஆகவே கொழுப்பு எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதையும் கேட்க வேண்டும்.

சேமித்த கொழுப்பை வெளியே விடாமல் பூட்டி வைப்பது, கொழுப்புக் கலத்தில் இன்சுலினின் முக்கிய வேலை. கலங்கள் அளவுக்கு மிஞ்சிப் பருத்தால் அந்த இழையத்துக்குள் பெருவிழுங்கிகள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் குவிகின்றன (2003இல் இது எலியிலும் மனிதரிலும் காட்டப்பட்டது), அழற்சி தொடங்குகிறது, பூட்டு இளகுகிறது. வெளியேறும் கொழுப்பமிலங்கள் ஈரலுக்கும் தசைக்கும் போய்ச் சேருகின்றன. இதற்கு ‘இடந்தவறிய கொழுப்பு’ என்று வைக்கலாம். ‘இடம்மாறிய’ வேண்டாம். அரசாங்க உத்தியோகத்தர் நிறைந்த ஊரில் இடமாற்றம் என்றால் வேறு கவலை வந்துவிடும்.

தெற்காசியர்களுக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதையும் ஓரிரு வரி எழுதுங்கள். மருத்துவ ஆய்வாளர்களான புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரையுமே அருகருகே நிறுத்திப் படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டி (உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் BMI) 22.3. உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசில் ஏறி இறங்கிவிட்டு ‘எனக்கு நிறை இல்லையே’ என்று சொல்பவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அதனால் பிரசுரத்தில் இடுப்புச் சுற்றளவின் எல்லை கட்டாயம் வர வேண்டும்: எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80.

கல்முனையிலிருந்து:

ஈரல் பற்றிய பத்தியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழைய வரைவில் ‘மதுசாரம் சாராத கொழுப்பு ஈரல்’ என்று கிடந்தது. மதுவைத் தொட்டே பார்க்காத ஒரு ஹாஜியார் அட்டையில் ‘மதுசாரம்’ என்ற சொல்லைக் கண்டால் அதற்குப் பின்னால் வருகிற ‘சாராத’ அவர் கண்ணுக்குத் தெரியுமா? அட்டையை வீட்டில் ஒளித்து வைப்பார். அடுத்த கிளினிக்குக்கு வரவே மாட்டார். ஆங்கிலத்திலேயே 2023இல் அந்தப் பெயரை மாற்றி, அனுசேபக் கோளாறோடு (உடம்பு உணவைப் பயன்படுத்தும் செயல்முறையின் கோளாறோடு) தொடர்புபடுத்திப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். நாங்களும் ‘அனுசேபம்சார் ஈரற்கொழுப்பு’ என்று எழுதுவோம்.

‘மெட்டபோலிக் சின்ட்ரோம்’ பற்றி யாரும் மறுப்புச் சொல்லவில்லை, ஆகவே ‘அனுசேபக் கூட்டுக்குறி’ போகட்டும். தமிழ்நாட்டு வாசகர்கள் ‘வளர்சிதைமாற்றம்’ என்பார்கள். இழையம் அவர்களுக்குத் திசு, சதையி அவர்களுக்குக் கணையம். பிரசுரம் வெருகலிலிருந்து பொத்துவில் வரைக்கும்தான் போகிறது, எங்கள் சொல்லே இருக்கட்டும்.

சேர், உணர்மந்தத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

பிரசுரத்துக்குச் சம்மதம். எங்கள் பாடசாலைச் சொற்பட்டியலில் ‘உணர்திறன் குறைவு’ என்றே வைத்துக்கொள்வேன். பரீட்சையில் புதுச் சொல் எழுதிப் புள்ளி இழக்கும் பிள்ளைக்கு நான் பதில் சொல்ல வேண்டி வரும். கழுத்துக் கறுப்புப் பற்றிய பத்தியை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பதினோராம் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருக்கிறது.