மறு: ‘விசையுணர்வு’ போதுமா?

வணக்கம் ஐயா.

தான் உட்கார்ந்திருக்கும் பரப்பு எவ்வளவு வளையும் என்று செல் உணர்வதைப் பற்றி எழுதத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோமே, அதில் ‘stiffness’ என்பதற்குக் ‘கடினம்’ வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம்தான். கீறல் விழாமல் நிற்பது கடினம். வளைந்துகொடுக்காமல் நிற்பது விறைப்பு. விறைப்பு என்றதும் பிணம்தான் ஞாபகம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே, கஞ்சி போட்ட வேட்டியும் விறைப்பாகத்தான் நிற்கிறது.

செல் வளர்க்கும் ஹைட்ரோஜெல்லுக்கு (நீரைப் பிடித்துவைத்திருக்கும் மென்பொருள்) ‘நீர்க்களி’ என்று வைத்திருக்கிறேன். பெங்களூரில் களி என்றால் ராகிதான் என்று எங்கள் ஆய்வகத் தமிழர்களே சிரிக்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது நுங்கு: பெரும்பகுதி நீர், ஆனாலும் ஒழுகாது.

என் வழக்கு ‘விசையுணர்வு’ (mechanosensing) மீது. வெளியிலிருந்து ஏதோ அழுத்துகிறது, செல் அதை உணர்கிறது என்றுதான் அந்தச் சொல் படுகிறது. களிமேல் உட்கார்ந்த செல்லை யாரும் அழுத்துவதில்லை. அதுவே காலூன்றிக் களியைத் தன் பக்கம் இழுக்கிறது. ஈரப் போர்வையைப் போடுமுன் கொடிக்கயிற்றைச் சுண்டி இழுத்துப் பார்ப்போமே, அதேதான். 2006இல் எங்லர், டிஷர் குழுவினர் பாலிஅக்ரிலமைடு களியில் மனிதக் குருத்தணுக்களை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய stem cells) வளர்த்தார்கள். செல் பற்றிக்கொள்ள மேலே பூசிய கொலாஜன் புரதம் எல்லாவற்றிலும் ஒன்றே. களியின் இழைகளைக் கட்டும் குறுக்குப் பிணைப்பை மட்டும் கூட்டிக் குறைத்து விறைப்பை மாற்றினார்கள். விறைப்பு 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் வரை இருந்தால் செல்லுக்கு நரம்புச் சாயல், 8 முதல் 17 வரை தசைச் சாயல், 25 முதல் 40 வரை எலும்புச் சாயல். செல்லுக்குள் இழுப்பைத் தரும் மயோசின் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்ததும் இந்த வேறுபாடு போய்விட்டது. இழுக்கும் கையைக் கட்டினால் விறைப்பே தெரிவதில்லை என்றால், இழுப்பைச் சொல்லாத சொல் எதற்கு? ‘இழுத்தறிவு’ என்று வைக்கலாமா?

*

தம்பி,

‘இழுத்தறிவு’ வேண்டாம். அச்சில் வந்தால் ‘எழுத்தறிவு’ பிழையாகிவிட்டது என்று திருத்திவிடுவார்கள். அதற்காக ‘இழுப்புணர்வு’ பக்கமும் போகாதீர்கள். எங்கள் அல்சூர்த் தெருவில் இழுப்பு என்றால் ஆஸ்துமா. ‘இழுத்துணர்தல்’ என்று தொழிற்பெயராகவே இருக்கட்டும். செய்வது செல்தானே.

ஒரு சந்தேகம். களியின் விறைப்பு பாதியில் மாறினால் செல்லும் மாறிக்கொள்ளுமா? அதற்கும் சொல் வேண்டுமே.

*

ஐயா,

‘இழுத்துணர்தல்’ எடுத்துக்கொண்டேன், நன்றி.

மாறும், ஆனால் எப்போதும் அல்ல. ஒளி பட்டால் இளகும் களிகள் உண்டு, இறுகும் களிகளும் உண்டு. 2014இல் ஆன்செத் குழுவினர் இளகும் வகையில் சோதித்தார்கள். விறைப்பில் கொஞ்ச நாள் மட்டும் இருந்த குருத்தணுக்களில், களி இளகியதும் விறைப்பை உணர்ந்தால் உட்கருவுக்குள் போகும் யாப் (YAP) என்ற புரதம் (உங்கள் யாப்பிலக்கணம் அல்ல) உட்கருவை விட்டு வெளியேறியது. 10 நாள் இருந்தவற்றில் உள்ளேயே தங்கிவிட்டது. நாங்கள் அன்றாடம் செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டோ தசையைவிட லட்சம் மடங்குக்கும் மேல் விறைப்பானது. அதில் வாரக்கணக்கில் வளர்ந்ததை எடுத்து மென்களியில் விட்டுவிட்டு, ‘மென்மைக்கு இப்படி நடந்துகொள்கிறது’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

பழைய விறைப்பைச் செல் இப்படி மறக்காமல் இருப்பதற்கு ‘விறைப்பு நினைவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆய்வகத்தில் எங்களுக்குள் ‘தொட்டில் பழக்கம்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். அதைக் கட்டுரையில் விடமாட்டார்கள்.