சரிவில் விடும் அட்டைக் கார்: பெரிய சக்கரமா, சின்னதா?

அட்டைக்கார்:
பள்ளிச் செயல்திட்டத்துக்காக மகள் இரண்டு கார் செய்திருக்கிறாள். இரண்டுக்கும் அட்டை உடம்பு, மூங்கில் குச்சி அச்சு. அச்சு ஸ்ட்ராவுக்குள் சுழல்கிறது. ஒன்றுக்கு நாலு பழைய சிடி சக்கரம், இன்னொன்றுக்கு பாட்டில் மூடி. 30 செ.மீ. உயரச் சரிவின் உச்சியில் வைத்துத் தள்ளாமல் விட வேண்டும். சரிவில் மூடிக் கார்தான் முந்துகிறது, ஆனால் தரைக்கு வந்ததும் சீக்கிரம் நின்றுவிடுகிறது. சிடிக் கார் சோம்பலாகக் கிளம்பி எங்கோ போய் நிற்கிறது. பெரிய சக்கரம் என்றால் வேகம் என்றுதானே சொல்வார்கள்?

நாலாம்கியர்:
காரில் எடையை ஏற்றுங்கள். கனமான கார்தான் வேகமாக உருளும்.

பட்டறைவாசி:
எடை ஏற்றுவது சரி, காரணம் வேறு. உராய்வே இல்லாமல் வழுக்கி இறங்கும் பொருளுக்குக் கனமும் லேசும் ஒன்றுதான். உருளும் காரில் என்ன சிக்கல் என்றால், சக்கரம் முன்னே போகவும் வேண்டும், தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் வேண்டும். இறங்கும்போது கிடைக்கிற ஆற்றலில் ஒரு பங்கு அந்தச் சுழற்சிக்குப் போய்விடும்.

உங்கள் சிடிக் காரையே பார்ப்போம். ஒரு சிடி ஏறக்குறைய 15 கிராம், நாலும் சேர்ந்து 60. அட்டை உடம்பு 60 கிராம் என்று வையுங்கள். மொத்தம் 120. தட்டையான வட்டு சுழல்வது, தன் எடையில் பாதியைக் கூடுதலாகச் சுமப்பதற்குச் சமம். ஆக, 120 கிராம் கார் 150 கிராமை இழுப்பதுபோல் நகரும். முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. மூடி ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று கிராம்தான், அதனால் அங்கே இழப்பு சொற்பம். கவனியுங்கள், இந்தக் கணக்கில் விட்டமே வரவில்லை, எடை மட்டும்தான்.

இப்போது உடம்பில் 180 கிராம் நாணயமோ களிமண்ணோ ஏற்றினால் சிடிக் கார் 300 கிராம், இழுப்பது 330. இழப்பு பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நாலாம்கியர் சொன்னது பலிப்பது இதனால்தான். எடையைச் சக்கரத்தில் ஏற்றினால் பலிக்காது.

தரையில் கதை தலைகீழ். உராய்வு முக்கியமாக ஸ்ட்ராவுக்குள், அச்சின் மேற்பரப்பில் நடக்கிறது. 3 மி.மீ. குச்சியில் 30 மி.மீ. மூடி என்றால், அந்தத் தடுப்பு தரையில் பத்தில் ஒரு பங்காகத்தான் தெரியும். 120 மி.மீ. சிடியில் நாற்பதில் ஒரு பங்கு. அதனால்தான் அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

அட்டைக்கார்:
சரி, அப்போ உராய்வைக் குறைக்க எண்ணெய் விடலாமா? அப்புறம், முன்பக்கத்தைக் கூராக்கவும் ஆசைப்படுகிறாள்.

பட்டறைவாசி:
எண்ணெய் வேண்டாம், மூங்கில் குடித்துவிடும், தூசியும் ஒட்டும். பென்சில் முனையைக் குச்சியில் அழுத்தித் தேய்த்தால் போதும், கிராஃபைட் காய்ந்த மசகு. அதைவிடப் பெரிய திருடன் கோணல் அச்சு. தரையில் மெதுவாக உருட்டுங்கள். ஒரு பக்கமாக ஒதுங்கினால் இரண்டு அச்சும் இணையாக இல்லை என்று அர்த்தம். சக்கரம் உடம்பில் உரசினால் நடுவில் ஒரு மணி கோத்துவிடுங்கள்.

கூர் மூக்கு அழகுக்கு இருக்கட்டும். 30 செ.மீ. சரிவிலிருந்து வரும் காருக்கு விநாடிக்கு 2.4 மீட்டருக்கு மேல் வேகம் வராது, அந்த வேகத்தில் காற்று அவ்வளவாகத் தடுக்காது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நாலு மடங்காகும், அதனால்தான் நெடுஞ்சாலைக் கார்களுக்கு வடிவம் அவ்வளவு முக்கியம்.

நாலாம்கியர்:
உராய்வே இல்லாவிட்டால் இன்னும் நல்லதா?

பட்டறைவாசி:
அச்சில் ஆமாம். தரையில் கூடாது, பிடிப்பு இல்லாவிட்டால் சக்கரம் உருளாது, வழுக்கும். சரிவுக் காருக்கு அது பெரிய விஷயமில்லை. ரப்பர் பேண்ட் முறுக்கி ஓட்டும் கார் என்றால் பின் சிடிகளின் விளிம்பில் பலூன் ரப்பரை மாட்டியே ஆகணும், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே சுற்றும். எதிர்க் கோடியில், 1997இல் மணிக்கு 1,228 கி.மீ. தொட்ட திரஸ்ட் எஸ்எஸ்சி காருக்கு ரப்பர் டயரே கிடையாது, கெட்டி அலுமினியச் சக்கரம். தள்ளியது ஜெட் எஞ்சின், சக்கரம் தரையைப் பிடித்து இழுக்கத் தேவையில்லை.