ஃபியூம் ஹூட் (ரசாயன ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி) விசிறி வேகத்தைக் குறைத்த லேப்களில் வேலை பார்த்தவர்கள் உண்டா?

ஈதர்வாசி:
எங்கள் வேதியியல் கட்டடத்தில் கரண்ட் மிச்சம் பிடிக்க எக்ஸாஸ்ட் விசிறிகளுக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டார்கள். ராத்திரியில் வேகம் தானாக இறங்கிவிடும். அப்படி ஒரு ராத்திரி ஹூடில் டைஎத்தில் ஈதர் (சட்டென்று தீப்பிடிக்கும் திரவம்) ஊற்றிக்கொண்டிருந்தேன். சாஷ் (ஹூடின் முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடிக் கதவு) விளிம்பில் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒட்டி வைப்போமே, எப்போதும் உள்பக்கமாக இழுபட்டுப் படபடக்கும். அன்றைக்குத் தொய்ந்து தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல என் பக்கம் திரும்பியது. வாடையும் வந்துவிட்டது. ஆனால் காற்று குறைந்தால் அடிக்க வேண்டிய அலாரத்தில் பச்சை விளக்கு! வேகத்தோடு சேர்த்து அலாரம் அடிக்கும் அளவையும் இறக்கி வைத்திருந்தார்களாம்.

டக்ட்மேஸ்திரி:
தம்பி, விசிறியைக் குறை சொல்லாதீங்க. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகும், அதை யார் விடுவார்கள்? பேலன்சிங் பண்ணாமல், அதாவது உள்ளே வரும் காற்றையும் வெளியே போகும் காற்றையும் சரிக்கட்டாமல் ஓட்டியதுதான் தப்பு. நான் வேலை பார்த்த ஒரு காலேஜில் எக்ஸாஸ்டைக் குறைத்தவர்கள் சப்ளை காற்றை (அறைக்குள் விடும் காற்றை) அப்படியே விட்டுவிட்டார்கள். லேப் கதவு தானாகத் திறந்துகொள்ளும், வராந்தா முழுக்க அசிட்டோன் வாடை. வாட்ச்மேன் பேய் என்றே முடிவு கட்டிவிட்டார்.

பொன்னி:
@டக்ட்மேஸ்திரி அண்ணே, பாதி மின்சாரம் உங்களுக்கு, மூக்கு அவருக்கு. எங்கள் லேபில் அலாரம் ஓயாமல் கத்தியது, யாரோ ஸ்பீக்கர் மேல் செலோ டேப் ஒட்டிவிட்டார்கள். என் கதை அவ்வளவுதான். ஆனால் இனிமேல் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று. ஹூட் காற்றைத் திரும்ப உள்ளே விட முடியாது, போகிற அளவுக்கு வெளிக்காற்றைக் குளிரவைத்துக் கொண்டுவர வேண்டும். செலவே அங்கேதான். பழைய வகை ஹூடில் சாஷை மூடினாலும் காற்று அதே அளவு போகும். முதலில் சாஷ் உயரத்துக்குத் தக்கபடி காற்றை மாற்றும் வால்வு போடச் சொல்லுங்கள், அப்புறம்தான் 'சாஷை மூடு' என்று போர்டு வைப்பதில் அர்த்தம். கலிஃபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகம் 2008 வாக்கில் லேப் காற்றைத் தேவைக்குத் தக்கபடி குறைக்கும் வேலையை ஆரம்பித்தது. அங்கே ஆள் இருக்கும்போது மணிக்கு 4 முறை, இல்லாதபோது 2 முறை அறைக்காற்று மாறும். சென்சாரில் ரசாயனம் தட்டுப்பட்டால் வேகம் தானாக ஏறும். ஹூட் முகப்பில் காற்று வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் என்று ரிப்போர்ட்டில் எழுதித் தந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், ராத்திரி வேகத்திலும் புகைவிட்டு, அது உள்ளே இழுபடுவதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஈதர்வாசி:
@பொன்னி கேட்டேன் அக்கா. சோதனைக்குப் புகைவிடும் குழாய் வாங்கப் பட்ஜெட் இல்லையாம். ஊதுபத்தி கொண்டுபோகட்டுமா?

டக்ட்மேஸ்திரி:
ஈதர் பாட்டில் பக்கத்திலா? தம்பி, வேண்டாம்!