சைக்கிள்காரர்களுக்கு அபராதம்: மனுவில் எதைக் கேட்பது?

கேள்வி – நடையன்

எங்கள் குடியிருப்போர் சங்கம் சைக்கிள் ஓட்டுபவர்கள்மீது நடவடிக்கை கேட்டுக் காவல்துறைக்கு மனு எழுதப் போகிறது. புகார் நான்கு: சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது, நடைபாதையில் ஓட்டுவது, இரவில் விளக்கில்லாமல் வருவது. பாதிப்பேர் "சைக்கிளுக்கும் நம்பர் பிளேட் போடச் சொல்வோம், கேமரா பிடித்துவிடும்" என்கிறார்கள். மீதிப்பேர் "முதலில் கார்களைப் பிடிக்கட்டும்" என்கிறார்கள். இந்தச் சண்டையை விட்டுவிட்டு, உண்மையிலேயே பயன் தரும்படி என்ன கேட்கலாம்?

பதில் – மஞ்சள்விளக்கு

சிவப்பு விளக்குப் புகாரை எழுதும் முன் அந்தச் சந்திப்பையே சோதித்துப் பாருங்கள். எல்லாத் தாண்டலும் ஒரே வகை இல்லை.

பல சிக்னல்களில் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்திருப்பார்கள். தார் அடைத்த செவ்வக வெட்டுக் கோடுகள் தெரிந்தால் அதுதான். மேலே உலோகம் வந்து நின்றால் சுருள் உணர்ந்து பச்சை தரும். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சைக்கிளில் உலோகம் குறைவு என்பதால் உணர்திறனைக் குறைவாக வைத்திருந்தால் அதற்குப் பச்சையே வராது. காந்தம் ஒட்டினால் வரும் என்பது வதந்தி.

சோதனை எளிது. நெரிசல் இல்லாத நேரத்தில், பின்னால் வேறு வண்டி வராதபோது, இரண்டு சக்கரமும் வெட்டுக் கோட்டின் மேலேயே இருக்கும்படி சைக்கிளை நிறுத்துங்கள். மற்றத் திசைகளுக்கு இரண்டு சுற்று பச்சை வந்தும் உங்கள் பக்கம் வரவில்லையென்றால் பழுது சிக்னலில். உணர்திறனைக் கூட்டவும், சைக்கிள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் குறி போடவும் கேளுங்கள். அதைச் செய்யாமல் அங்கே அபராதம் போடுவது அநியாயம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 20 மீட்டர் அகலச் சந்திப்பைக் கடக்க, 50 கி.மீ. வேகத்தில் போகும் காருக்குச் சுமார் 1.5 நொடி, 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளுக்கு ஏறக்குறைய 5 நொடி. மஞ்சள் முடியும் தறுவாயில் முறையாக உள்ளே நுழைந்தவர், எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் 2 நொடியில் 8 மீட்டர்தான் போயிருப்பார். குறுக்கே காத்திருப்பவர் கண்ணுக்கு அவர் சிவப்பில் தாண்டியவர்! அந்த இடைவெளியை நீட்டச் சொன்னால் புகாரில் ஒரு பகுதி தானாகவே குறையும். நன்றாக எரியும் சிவப்பைப் பார்த்தும், நடப்பவர்கள் கடக்கும்போது நடுவில் புகுந்து போகிறாரே, அவர்தான் அபராதத்துக்கு உரியவர்.

பதில் – சட்டப்பிரிவு

நம்பர் பிளேட் கோரிக்கையை விட்டுவிடுங்கள். டொரொன்டோ நகரம் 1935 முதல் 1957 வரை சைக்கிளுக்கு உரிமம் வைத்திருந்து, பிறகு கைவிட்டது. குழந்தைகள் சைக்கிள், கைமாறும் பழைய சைக்கிள், முகவரி மாற்றம் என்று பதிவேட்டை நடப்பில் வைத்திருக்கவே ஆள் போதாது. கேமரா தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிய பிளேட்டை மாட்டச் சைக்கிளில் இடமும் இல்லை.

ஆகவே ஆளை வைத்துத்தான் நிறுத்த வேண்டும். காவலர் நிறுத்தக் கோட்டருகே நின்றால் பலனில்லை, அவரைப் பார்த்து எல்லோரும் நிற்பார்கள். ஒருவர் கோட்டைக் கவனிக்க, இன்னொருவர் சந்திப்பைத் தாண்டி 30, 40 மீட்டரில் ஓரமாக நின்று நிறுத்த வேண்டும். துரத்தக் கூடாது, மிரண்டவர் வண்டிகளுக்கு நடுவே திருப்பிவிடுவார். முதல் வாரம் எச்சரிக்கை, பிறகு அபராதம் என்று வைத்தால் எதிர்ப்பும் குறையும்.

தொகையும் முக்கியம். ஜெர்மனியில் சிவப்பைத் தாண்டும் சைக்கிளுக்கு 60 யூரோ, சிவப்பு விழுந்து ஒரு நொடிக்கு மேல் ஆகியிருந்தால் 100. காருக்கு 90, 200. இந்த வித்தியாசம் சலுகை இல்லை. ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ, 20 கி.மீ. வேகம், 1,400 கிலோ கார், 50 கி.மீ. வேகம். மோதும் ஆற்றல் காருக்கு ஏறத்தாழ 97 மடங்கு. மறுபக்கம், தண்டனை அளவுக்கு மீறிப் போனால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். ஜப்பானில் சைக்கிள் மீறலுக்குக் குற்ற வழக்குதான் வழி என்றிருந்ததால் பெரும்பாலும் எச்சரித்தே அனுப்பினார்கள். 2026 ஏப்ரலில்தான் 16 வயது நிரம்பியவர்களுக்குச் சிறு அபராதச் சீட்டு வந்தது.

விளக்குக்கு மட்டும் வேறு முறை கேளுங்கள்: சில நாட்களுக்குள் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு மாட்டிக் காட்டினால் அபராதம் ரத்து. நமக்கு வேண்டியது எரியும் விளக்குதான்.

பதில் – வெண்கோல்

மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் நடைபாதையை ஒருவரும் தொடவில்லை. பார்வையில்லாதவர்கள் வண்டியைக் காதால் அறிகிறார்கள். சைக்கிளுக்கு ஓசை கிடையாது. பின்னாலிருந்து 15 கி.மீ. வேகத்தில் வந்தால் விலக நேரமே இல்லை. மணி அடித்தாலும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாது. முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. "கார் இதைவிட ஆபத்து" என்பது அவருக்கு ஆறுதல் ஆகாது. நான்கு புகாரில் இதற்கு முதலிடம் கொடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு, மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும்.

பதில் – நடையன்

நன்றி. நடைபாதையை முதலாவதாக மாற்றுகிறோம். எதிர்த்திசை? அதோடு, "எல்லாச் சைக்கிள்காரர்களும் இப்படித்தான்" என்பவர்களுக்கு என்ன சொல்ல?

பதில் – மஞ்சள்விளக்கு

எதிர்த்திசை உண்மையிலேயே ஆபத்து. கிளைச்சாலையிலிருந்து திரும்பும் ஓட்டுநர் வண்டிகள் வரும் பக்கத்தை மட்டுமே பார்ப்பார். ஆனால் தூரத்தை அளந்து பாருங்கள். 100 மீட்டரில் இருக்கும் இடத்துக்கு முறைப்படி போக 800 மீட்டர் சுற்ற வேண்டும் என்றால், அபராதம் போடும் நாளில் மட்டும் நிற்கும், மறுநாள் தொடரும். அங்கே தடுப்பில் சைக்கிள் புகும் அகலத்துக்கு இடைவெளி, அல்லது எதிர்த்திசைக்குத் தனித் தடம் கேளுங்கள். சுற்று குறைவாக இருக்கும் இடத்தில் அபராதம் சரி.

"எல்லோரும்" என்பவர்களுக்கு எண்ணிக் காட்டுங்கள். ஓடும் கார் 10 கி.மீ. கூடுதல் வேகத்தில் போவது நிற்பவருக்குத் தெரியாது. சிவப்பில் போகும் ஒரு சைக்கிளை இருபது பேர் பார்க்கிறார்கள். தாளில் ஐந்து பத்தி போடுங்கள்: நின்றவர், மஞ்சளில் நுழைந்தவர், நின்று பார்த்துவிட்டுப் போனவர், நிற்காமல் போனவர், நடப்பவரை ஒதுங்க வைத்தவர். நின்றவரை எண்ணாமல் விட்டால் விகிதமே கிடைக்காது. கார், மோட்டார் சைக்கிளுக்கும் அதே தாள். காலை நெரிசலில் ஒரு மணி, மதியம் ஒரு மணி, இருட்டியபின் ஒரு மணி. சந்திப்புக்குள் நுழையும் ஒவ்வொரு சாலைக்கும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, முடிவில் ஒப்பிட வேண்டும். மழை நாளை விட்டுவிடுங்கள்.