தம்பிக்கு மூளையில் எம்போலைசேஷன்: மூச்சில் பூண்டு வாடை வருவது ஏன்?

வளர்மதி:
தம்பிக்கு மூளையில் ஏ.வி.எம். தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட ரத்தக்குழாய் முடிச்சு. நேற்று தொடை வழியாகக் குழாய் விட்டு, ஆனிக்ஸ் என்கிற அடைப்புத் திரவத்தைச் செலுத்தி ஒரு பகுதியை அடைத்திருக்கிறார்கள். இதைத்தான் எம்போலைசேஷன் என்கிறார்கள். மீதி அடுத்த மாதமாம். கிட்டே போனாலே மூச்சில் பூண்டு வாடை! ஆஸ்பத்திரிக் கஞ்சிதான் குடிக்கிறான், பூண்டு எங்கிருந்து வந்தது என்று அம்மா கலங்குகிறார். லேசாகத் தலைவலியும் இருக்கிறது. பயப்படணுமா?

கேத்லேப்வாசி:
சகோதரி, நான் கேத் லேப் டெக்னீஷியன், ரத்தக்குழாயில் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில் வேலை. ஆனிக்ஸைக் கரைத்து வைத்திருப்பது டி.எம்.எஸ்.ஓ. என்கிற திரவம். அது மூச்சு வழியாக வெளியேறும்போது வருகிற வாடைதான், ஓரிரு நாளில் போய்விடும். இதை வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் என்னவோ!

லேசான தலைவலி பலருக்கும் வரும். உண்மையில் கவனிக்க வேண்டியது ரத்தக்கசிவு. முடிச்சு அடைபடும் முன்பே ரத்தம் வெளியேறும் சிரை அடைத்துக்கொண்டால், உள்ளே வருகிற ரத்தத்துக்குப் போக்கிடம் இல்லாமல் முடிச்சு வெடிக்கலாம். ஒரேயடியாக நிறைய அடைத்தாலும் வம்புதான்: குறைந்த அழுத்தத்துக்கே பழகிய சுற்றுக் குழாய்கள் திடீர் அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் தவணை தவணையாகச் செய்கிறார்கள், பிரஷரை ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

திடீரென்று மண்டையைப் பிளக்கிற வலி, வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, இதில் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். தொடையில் குழாய் விட்ட இடம் வீங்கினாலும், அந்தக் கால் சில்லிட்டாலும் அப்படியே.

தென்றல்:
எனக்கும் இதே சிகிச்சை நடந்தது. சில வாரம் கழித்து காதுக்குப் பின்னால் கொத்தாக முடி கொட்டியது. வெகுநேரம் எக்ஸ்ரே பட்டதால் என்றார்கள். அப்புறம் முளைத்துவிட்டது.

வளர்மதி:
அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நன்றி. இன்னொன்று: குழாயின் நுனி உள்ளேயே நின்றுவிட்டது என்றார் டாக்டர். பரவாயில்லையா?

கேத்லேப்வாசி:
ஆனிக்ஸ் பின்னோக்கி வழிந்து குழாயைச் சுற்றி இறுகினால் அப்படி மாட்டிக்கொள்ளும். பலமாக இழுத்தால் ரத்தக்குழாய் கிழிந்துவிடும். அதற்காகவே நுனி மட்டும் கழன்றுகொள்ளும் குழாய்கள் இருக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த சி.டி. ஸ்கேனில் அந்த இடம் பளீரென்று வெள்ளைக் கீற்றுகளாகத் தெரியும். ஆனிக்ஸில் கலந்திருக்கும் டான்டலம் உலோகப் பொடி அது, படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.